புனேயிலிருந்து வரவேண்டிய குட்டி

ஜூன் 3, திங்கள்

நரம்பு டாக்டர் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். தூக்கம், சாப்பாடு, மாத்திரை, கோபம் வந்ததா, எதை மறந்தார் என்று தினமும் குறித்து, அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொன்னார். மருந்துக்கடையில் கொடுத்த டைரி. ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது.

இவர் சௌந்தரபாண்டியன், வயது அறுபத்தெட்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் என்று கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகிறது. டாக்டருக்கு இதெல்லாம் தெரியும். கை பழக வேண்டுமே என்று எழுதுகிறேன். நான் தமயந்தி, அவர் மனைவி.

காலை இட்லி மூன்று. மதியம் சாதம் பாதி. மாத்திரை எல்லாம் கொடுத்தாயிற்று. "சுருளி எங்க?" என்று ஒன்பது தடவை கேட்டார்.

ஜூன் 5, புதன்

சுருளி எங்கள் நாய். காதில் சுருள் சுருளாக முடி தொங்கும் காக்கர் ஸ்பேனியல். பதிமூன்று வருடம் இருந்தது. சித்திரையில் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனது. வீட்டுக்குப் பின்னால் இவர்தான் குழி தோண்டினார். அது இவருக்கு ஞாபகம் இல்லை.

முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் செத்ததுபோல் அழுதார். ஒரே நாளில் நாலு முறை அழுதார். அதற்குப் பிறகு, மாடியில் குடியிருக்கும் சபூராவின் வீட்டுக்காரர் வாக்கிங் கூட்டிப் போயிருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தேன். இதற்கு அழவில்லை. ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, நாய்க் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

தூக்கம் நான்கு மணி நேரம். எனக்கும் அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

தோஹாவிலிருந்து மகன் நவநீதன் பேசினான். நான்கு நிமிடம். அதே ஜாதியில் ஒரு குட்டி வாங்கினால் அப்பா அமைதியாவார் என்று நினைக்கிறேன் என்றேன். "அப்பாவப் பாத்துக்கவே உங்களால முடியல. இதுல நாய் வேறயாம்மா?" என்றான். அவன் சொல்வதும் சரிதான்.

மதியம் இவர் தூங்கியபோது செல்போனில் தேடினேன். கடைகளில் கேட்கும் விலை நம்மால் ஆகாது. பேஸ்புக்கில் செல்லப்பிராணிகள் குழு ஒன்றில் ஒரு குட்டியின் படம் இருந்தது. சுருளியை ஐம்பது நாள் குட்டியாக எடுத்துவந்த அன்று பார்த்த அதே முகம். புனேயில் இருக்கும் இராணுவ அதிகாரியாம். வடகிழக்குக்கு மாற்றலாகிறதாம். விலை எதுவும் வேண்டாம், நல்ல வீடு கிடைத்தால் போதும், அனுப்பும் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் சரி என்று போட்டிருந்தார்.

செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாய் வளர்த்த அனுபவம் உண்டா என்றெல்லாம் கேட்டார். பொறுப்பான மனிதர்.

ஜூன் 11, செவ்வாய்

ரசம் சாதம் நன்றாகச் சாப்பிட்டார். குளிக்க மாட்டேன் என்று என் கையைத் தட்டிவிட்டார். வளையல் உடைந்து கீறிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை.

மூன்று மணிக்கு போன். குட்டிகளை விமானத்தில் அனுப்பும் கம்பெனியிலிருந்து பிரதாப் என்ற பையன். நல்ல தமிழ். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அதனால் எல்லாம் தன் மூலமாகத்தான் என்றான். புனேயிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வந்துவிடும், அங்கிருந்து திண்டுக்கல் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவோம் என்றான். எதற்காக இந்த ஜாதியே வேண்டும் என்று கேட்டான். இவரைப் பற்றிச் சொன்னேன். "எங்கம்மாவுக்கும் இதே வியாதிதாம்மா. நீங்க படுற பாடு எனக்குத் தெரியும்" என்றான்.

அனுப்பும் செலவு நாலாயிரத்து ஐந்நூறு. அனுப்பிவிட்டேன். கணக்கு ஏதோ ஒரு பெண் பெயரில் இருந்தது. கணக்குப் பிள்ளையின் பெயர் என்றான்.

ஜூன் 14, வெள்ளி

விமானத்தில் நாயைச் சாதாரணக் கூண்டில் ஏற்ற மாட்டார்களாம். குளிர்சாதனக் கூண்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும், குட்டி வந்ததும் திருப்பித் தந்துவிடுவார்கள். கட்டினேன்.

வீடியோவில் குட்டியை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன். இராணுவக் குடியிருப்புக்குள் வீடியோ எடுக்க அனுமதி இல்லையாம். அதற்குப் பதிலாக அது முனகும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினான். அதை இவருக்குப் போட்டுக் காட்டினேன். காதை போனில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார்.

தெரியாமல் செய்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

நவநீதனுக்கு ஓவர்டைம். பேசவில்லை.

மூன்று மணிக்கு பிரதாப் பேசினான். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்றேன். "உங்ககிட்ட பேசறதுல என்னம்மா வேலை. மொதல்ல நீங்க சாப்பிட்டீங்களா?" என்றான். இல்லை என்றேன். சாப்பிட்டுவிட்டு வாங்க, காத்திருக்கிறேன் என்றான். மோர் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து பேசினேன். குட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இதை டாக்டர் படிப்பார். தேவையில்லாததை எழுதக் கூடாது.

தூக்கம் ஐந்து மணி நேரம். வயிறு போகவில்லை. இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

குட்டி நேற்று புறப்பட்டுவிட்டது. ஐதராபாத்தில் விமானம் மாற்றும்போது காப்பீட்டுத் தாள் கேட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதற்குப் பன்னிரண்டாயிரம். அதுவும் திரும்பி வரும் பணம்தான். பில் எண் எல்லாம் அனுப்பியிருக்கிறான், கம்பெனி முத்திரையோடு.

இன்று நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது இவர் எழுந்து வந்து கதவோரம் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார். பிறகு, "யாரு? நவநீதனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டாக்டர் கவனத்துக்கு: ஆட்களை மாற்றிப் புரிந்துகொள்கிறார்.

ஜூன் 20, வியாழன்

காலையிலிருந்து தலைவலி. துவைக்கும் மெஷின் ஓடவில்லை. படுக்கை விரிப்பு மூன்றையும் கையால் துவைத்தேன்.

பிரதாப்பின் குரல் இன்று வேறு மாதிரி இருந்தது. குட்டி மூன்று நாளாக ஐதராபாத்தில் கூண்டுக்குள்ளேயே கிடப்பதால் கால்நடை அதிகாரி வந்து பார்த்தாராம். வாங்கியவர் கைவிட்டுவிட்டார் என்று மிருகவதைச் சட்டத்தில் என் பெயரில் வழக்குப் போடப் போகிறார்களாம். பதினெட்டாயிரம் கட்டினால் விட்டுவிடுவார்களாம். "நான் உங்க பக்கம்தாம்மா பேசிட்டிருக்கேன். ஆனா இதப்பத்தி வெளிய யார்கிட்டயும் கேக்காதீங்க. நாலு பேரு போன் பண்ணா அந்த ஆபீசர் கோவத்துல கேஸ் எழுதிடுவாரு."

வங்கியில் இவர் பெயரிலும் என் பெயரிலும் போட்டுவைத்திருந்த டெபாசிட்டை எடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண், முதிர்வுக்கு இன்னும் நாலு மாதம்தானே இருக்கிறது, எதற்கு இப்போது என்றாள். மருத்துவச் செலவு என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது.

அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மதுரைக்கு வருகிறது.

ஜூன் 21, வெள்ளி

வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி கெட்டுவிட்டது, திங்கட்கிழமைதான் கிடைக்கும், அதற்குள் ஒரு தடுப்பூசிச் சான்று வாங்க வேண்டும் என்றான். அதற்குத் தனியாகப் பணம். நானே மதுரைக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம், அலையாதீங்க, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்றான்.

குட்டி நான்கு நாளாகக் கூண்டுக்குள் இருக்கிறது. எப்படி விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது. போய்விட்டு வந்துவிடலாம் என்றிருக்கிறேன். மதுரையில் ஒரு மருந்து வாங்க வேண்டும் என்று சபூராவிடம் சொல்லியிருக்கிறேன். இவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஜூன் 22, சனி

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும்.

எட்டு மணி பஸ். ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஒரு பழைய துண்டும் சின்னக் கிண்ணமும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துப் போயிருந்தேன். சரக்கு அலுவலகம் பயணிகள் வாசலிலிருந்து தள்ளி, தனியாக இருக்கிறது. அங்கே மேசையில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பில் எண்ணைக் காட்டினேன். பார்த்தவுடனேயே, "உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கணினியில் எதையும் தேடவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விமானச் சரக்கு பில் என்றால் பதினொரு இலக்கம் இருக்கும், இதில் ஒன்பதுதான் இருக்கிறது என்றார். எந்தக் கம்பெனியும் நாயை ஏற்றிவிட்டு நடுவழியில் காசு கேட்காது, ஏற்றும் முன்பே மருத்துவர் சான்று, கூண்டு, கட்டணம் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். கூண்டு முன்பணம், காப்பீடு, வழக்கு என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே வரிசையாகச் சொன்னார்.

"குட்டிய நேர்ல பாத்தீங்களாம்மா?"

இல்லை என்றேன்.

"வீடியோவுலயாவது?"

இல்லை என்றேன்.

"அப்ப குட்டியே கெடயாதும்மா. வேற யாரோ வளக்குற நாயோட படம் அது. இந்த மாசத்துல இப்படி வந்து நிக்கிற மூணாவது ஆள் நீங்க."

என் பையிலிருந்த கிண்ணம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. பார்வையைத் திருப்பிக்கொண்டார். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால் கடைசியாக அனுப்பிய பணத்தையாவது நிறுத்த வாய்ப்பிருக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

அந்த எண்ணை அழுத்தும்போதே சபூராவின் அழைப்பு குறுக்கே வந்தது. அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால் காய்ச்ச மாடிக்குப் போய்விட்டு இறங்குவதற்குள் இவர் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாராம். சுருளியைத் தேடிப் போகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பி வந்த பஸ் எங்கெங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. கொடைரோடு தாண்டியபோது மறுபடி போன். கிடைத்துவிட்டார். பைபாஸ் பக்கத்துத் துணைமின் நிலையத்தின் வேலியை ஒட்டி, கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். பணியில் இருந்த லைன்மேன் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா வாங்க என்று உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். செருப்பில்லாமல் நடந்ததில் இரண்டு பாதமும் கொப்புளம்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் தடவினேன். பிறகுதான் களிம்பு இருப்பது ஞாபகம் வந்தது. கழுவிவிட்டுக் களிம்பு போட்டேன். சபூரா பக்கத்திலேயே நின்றாள். "மருந்து வாங்கிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். களிம்பு டப்பாவை மூடி வைத்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

1930-க்குச் சாயங்காலம்தான் பேசினேன். ஐந்து மணி நேரம் வீணாகிவிட்டது.

ஜூன் 24, திங்கள்

பாதம் பரவாயில்லை. காய்ச்சல் இல்லை. கஞ்சி இரண்டு தம்ளர்.

மூன்று மணிக்கு போன் அடித்தது. எடுக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். எடுத்தேன்.

தடுப்பூசிச் சான்றுக்குப் பணம் இன்னும் வரவில்லை, குட்டி சோர்ந்துபோய்விட்டது என்றான். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன்.

"நான் மதுரைக்குப் போயிட்டு வந்துட்டேன்" என்றேன்.

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்கம்மாவுக்கு வியாதின்னு சொன்னியே. அதாச்சும் நெஜமா?"

வைத்துவிட்டான்.

ஜூன் 25, செவ்வாய்

மூன்று மணி. போன் வரவில்லை. துணி மடித்தேன்.

ஜூன் 27, வியாழன்

சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்துக்குப் போனேன். இவரையும் கூட்டிப் போனேன், இனி விட்டுப் போவதாக இல்லை. பெண் எஸ்.ஐ. இவருக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடச் சொன்னார். நல்ல பெண். கடைசியாக அனுப்பிய பதினெட்டாயிரத்தில் ஒரு பகுதி ஏதோ ஒரு வங்கியில் முடக்கப்பட்டிருக்கிறது, நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் எடுக்க முடியும், நாளாகும் என்றார். மற்றது போனதுதான்.

என் போனில் இருந்த அழைப்புகளைப் பட்டியலாக எடுத்தார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஒரே நாள்ல நாப்பத்தேழு நிமிஷம் பேசியிருக்கீங்களேம்மா. பதினாறாம் தேதி. அவ்ளோ நேரம் என்ன பேசுனீங்க?"

"நாயப் பத்திதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு புகாரே கொடுப்பதில்லை, அதனால்தான் அதே படத்தை வைத்து அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள் என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

நவநீதனிடம் சொல்லிவிட்டேன். கத்தினான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றான். அப்பா ரோட்டில் போனதையும் சொன்னேன். அதற்குப் பிறகு கத்தவில்லை. ஆகஸ்டில் லீவு கேட்கிறேன் என்றான். பதினோரு நிமிடம் பேசினான்.

ஜூலை 4, வியாழன்

டாக்டரிடம் போனோம். டைரியை நீட்டினேன். தூக்கம், சாப்பாடு, மாத்திரை குறிப்புகளை மட்டும் விரலால் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மற்றதைப் படிக்க அவருக்கு நேரம் இல்லை. வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் படிப்பார் என்று நான் எண்ணி எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன்.

சுருளி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். செத்துவிட்டது என்றும் சொல்ல வேண்டாம், வரும் என்றும் சொல்ல வேண்டாம், சுருளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவரையே பேசவிடுங்கள் என்றார். இதை ஏப்ரலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

காலையில் இவர் கேட்டார். "அது ஒங்ககிட்ட எப்படிங்க பழகுச்சு?" என்றேன். அரைமணி நேரம் பேசினார். புயலுக்குக் கம்பம் சாய்ந்த நாளில் சுருளி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றதாம். இவர் கம்பத்தில் ஏறி இறங்கும்வரை அடியிலேயே நனைந்துகொண்டு கிடந்ததாம். இந்தக் கதை எனக்குத் தெரியாது. நடந்ததா என்றும் தெரியாது.

முடித்துவிட்டு, "நல்ல நாய்" என்றார். இட்லியைத் தானாகவே எடுத்துச் சாப்பிட்டார். மதியம் மறுபடி கேட்டார். மறுபடி அதே கதை. உட்கார்ந்து கேட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

அந்தக் குழுவில் என் பெயரிலேயே எழுதிப் போட்டேன். குட்டியின் படம், பில்லின் படம், பணம் போன கணக்குகளின் பெயர்கள், கேட்க விரும்புகிறவர்களுக்கு என் போன் எண் எல்லாம். நேரில் பார்க்காமல், வீடியோவிலாவது பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், இலவசம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் உடனே யாரிடமாவது சொல்லுங்கள் என்று எழுதினேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

முதலில் வந்த பதில்: இந்த வயதில் இவ்வளவு ஏமாளியா? சிரிக்கும் முகம் வேறு போட்டிருந்தார்கள். சபூரா என் போனை வாங்கி அவருக்கு ஏதோ பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று காட்டவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். எடுக்கத் தயங்கினேன். ஒரு பெண்ணின் குரல். விழுப்புரத்திலிருந்து அமலோற்பவம் என்றாள். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவளாம். தனியாக இருக்கிறாளாம். நான் படம் போட்ட அதே குட்டிக்குத்தான் அவளும் கூண்டுக்காசு வரை கட்டியிருக்கிறாள். அவளிடம் பேசுகிறவன் பெயர் ஹரிஷ்.

நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தத் தம்பி அப்படிப்பட்டவரு இல்லைங்க" என்றாள். "என் முட்டிவலி எப்படி இருக்குன்னு தெனமும் கேப்பாருங்க. போன வாரம் எனக்கு முடியலன்னு ரெண்டு தடவ போன் பண்ணாரு. எம் பொறந்த வீட்டு ஆளுங்க ஒருத்தரும் கேக்கல. நீங்க வேற யாரையாவது சொல்றீங்களோ என்னவோ."

பில்லைப் பற்றி, இலக்கங்களைப் பற்றி மறுபடியும் விளக்கலாமா என்று யோசித்தேன். அதெல்லாம் அவளுக்கே தெரிந்திருக்கும். எனக்கும் பாதி தெரிந்துதான் இருந்தது. பேர் வேறாக இருந்த கணக்கு, வீடியோ காட்டாதது, எல்லாம் தெரிந்தேதான் அனுப்பினேன்.

"எங்கிட்டயும் அவன் ரொம்ப நல்லாத்தாங்க பேசுனான்" என்றேன். "சாப்பிட்டீங்களான்னு கேப்பான். அதுக்காகத்தான் நான் காசு அனுப்புனேன். நாய் வேணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். காசு அனுப்பலைன்னா மறுநாள் போன் வராதேன்னு பயம்."

இதை எஸ்.ஐ.யிடம் சொல்லவில்லை. நவநீதனிடம் சொல்லவில்லை. இந்த டைரியில்கூட இதுவரை எழுதவில்லை.

அவள் மெதுவாக, "நாலு மணிக்கு அனுப்பறதா சொல்லியிருந்தேங்க" என்றாள்.

"அனுப்பாதீங்க."

"சரிங்க."

அதன் பிறகு அழ ஆரம்பித்தாள். வைத்துவிடட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே இவர் எழுந்து, தமயந்தி என்று கூப்பிட்டார். போனைக் காதில் வைத்தபடியே போய், கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரு என்று சைகையில் கேட்டார். விழுப்புரத்திலிருந்து ஒரு அம்மா என்றேன். நான்கு மணி அடித்து வெகுநேரம் ஆகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.